3, 5, 17, 257, 65537, அப்புறம் 1

2004-ஆம் ஆண்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சி மொழியில் சுழல்களைப் பழகுவதற்காக ஆய்வகத்தில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 2-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு 1 கூட்டி அச்சிட வேண்டும். பிறகு அந்த 2-ஐ அதாலேயே பெருக்கி, வந்ததோடு 1 கூட்டி அச்சிட வேண்டும். இப்படியே ஆறு முறை. ஐந்து வரியில் முடிகிற நிரல்.

திரையில் வந்தது இதுதான்: 3, 5, 17, 257, 65537, 1.

அந்தக் கடைசி 1 எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. ஒவ்வொரு வரியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கேயும் பிழை இல்லை. பின்னால் வந்து நின்ற ஆசிரியர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உன் நிரல் சரிதான்பா. அந்த எண் 32 பிட்டுக்குள்ள அடங்காது. மாறியோட வகையை மாத்திப் பாரு" என்றார். (பிட் என்பது 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணின் ஒரு இலக்கம்.) மாற்றினேன். 1 இருந்த இடத்தில் 4294967297 வந்து நின்றது.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. நம் கைபேசி எண்ணுக்கு இருக்கிற அதே பத்து இலக்கம். 2-ஐ 32 முறை எழுதிப் பெருக்கி 1 கூட்டினால் கிடைப்பது. இருபது ஆண்டுகளாக இந்த எண் என்னோடு இருக்கிறது. இதைப் போல எனக்குப் பாடம் சொன்ன எண் வேறில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று இரவு விடுதியில் அந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 3 பகா எண். 5 பகா எண். 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. அப்படியானால் ஆறாவதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனது உடனே சொல்லிவிட்டது. 3-ஆல் வகுத்தேன், 7-ஆல் வகுத்தேன், 11, 13, 17 என்று போய் 100-ஐத் தொடுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. சரி, இது பகா எண்தான் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் நூலகத்தில்தான் தெரிந்தது, 364 ஆண்டுகளுக்கு முன்னால் இதே வரிசையைப் பார்த்து இதே முடிவுக்கு வந்த இன்னொருவர் பியர் ஃபெர்மா என்று.

ஃபெர்மாவுக்குத் தொழில் நீதிமன்றத்தில். பிரான்சின் துலூஸ் நகரில் நீதிபதியாக இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் எண்களோடு வாழ்ந்தவர். புத்தகம் போடவில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். 1640-இல் பிரெனிக்ள் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று போகிற இந்த வரிசையில் உள்ள எல்லாமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அந்த நம்பிக்கை அவரை விடவே இல்லை. 1654-இல் பிளேஸ் பாஸ்கலுக்கு எழுதியபோதும் அதைச் சொல்லி, நீங்களாவது நிரூபிக்க முடியுமா பாருங்கள் என்று கேட்டார். இந்த 1654-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஃபெர்மா 1665-இல் இறந்தார். கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் மாஸ்கோவிலிருந்த கணிதவியலாளர் கிறிஸ்டியன் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த இன்னொரு கணிதவியலாளரான லியோனார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாம் எழுதி முடித்த பிறகு, பின்குறிப்பாக, ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. முதலில் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்பட்டார். எண்கோட்பாட்டில் ஆய்லர் செய்த அத்தனைக்கும் வாசல் அந்தப் பின்குறிப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார். 4294967297 பகா எண் அல்ல. அதை 641 வகுக்கும். 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் சரியாக 4294967297.

இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி, 641 அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான். விடுதியில் நான் செய்தது போல 3, 5, 7, 11 என்று வரிசையாகப் போனாரா? ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி இருக்கிறது. அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. ஒரு வகுத்தலுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 218 மணி நேரம். 641 அந்த வரிசையில் 116-ஆவது பகா எண், ஆகவே நாலு மணி நேரத்தில் அதை எட்டிப் பிடித்திருக்கலாம். ஆனால் 641 அங்கே இருப்பது முன்கூட்டித் தெரியாதே.

1732 கட்டுரையில் ஆய்லர் வழியைச் சொல்லவில்லை. சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு கட்டுரையில்தான் சொன்னார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண்ணுக்கு ஒரு கட்டாய வடிவம் உண்டு. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் மிச்சம் 64-ஆல் வகுபட வேண்டும். அந்த வடிவத்தில் இல்லாத எதையும் தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

இது ஏன் என்பதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று சுற்றி வரும். சுற்றின் நீளம் 3. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படி ஒரு சுற்று உண்டு. பிரபவ முதல் அட்சய வரை நம் தமிழ் வருடங்கள் 60-க்கு ஒருமுறை சுற்றி வருவது போல. பிரபவ ஆண்டில் பிறந்தவருக்கு மறுபடி எப்போது பிரபவ வந்தாலும், அவருக்கு 60, 120 என்று 60-இன் மடங்கில்தான் வயது இருக்க வேண்டும், இல்லையா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இப்போது ஏதோ ஒரு பகா எண் 4294967297-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2³²-உடன் 1 கூட்டினால் மீதியில்லாமல் வகுபடுகிறது, அதாவது 2³² மட்டும் வகுபடுவதற்கு ஒன்று குறைவாக நிற்கிறது. மீதி −1 என்று சொல்லலாம். அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆக 64-ஆவது அடியில் சுற்று தொடக்கத்துக்கு வந்துவிடுகிறது. 32-ஆவது அடியில் இன்னும் வரவில்லை. எனவே சுற்றின் நீளம் சரியாக 64. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்று ஒன்று உண்டு: எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடியில் மீதி 1 ஆகத்தான் இருக்கும். ஆக, அந்த "ஒன்று குறைவான" எண் 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். பிரபவ கணக்கு.

64-இன் மடங்கோடு 1 கூட்டிக்கொண்டே போனால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும்தான். ஐந்தாவது முயற்சியிலேயே ஆய்லருக்கு விடை. 6542 கதவுகள் இருந்த இடத்தில் ஐந்தே கதவுகள்.

போன கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "பத்து இலக்கத்தைக் கையால வகுக்கணுமா மாமா?" என்று முதலில் தயங்கினாள். தேவையில்லை என்று காட்டினேன். 65536-ஐ மட்டும் வகுத்து மீதியை எடு, அந்த மீதியை வர்க்கமாக்கி மறுபடி வகு, கடைசியில் 1 கூட்டு, அவ்வளவுதான். 65536-இன் வர்க்கம்தானே 2³². கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். 193-க்கு மீதி 109. 257-க்கு 2. 449-க்கு 325. 577-க்கு 288. அப்புறம் 641. 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. அதன் வர்க்கம் 23716. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 640. ஒன்று கூட்டினால் 641. "மாமா, வந்துடுச்சு!" என்று அவள் கத்திய சத்தத்தில் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த நிறைவைச் சொல்லத் தெரியவில்லை. 1732-இல் ஒரு மேசையில் நடந்தது, அப்படியே என் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

1878-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார். 64 அல்ல, 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்படியானால் 193, 449, 577 மூன்றும் விழுந்துவிடும். மிஞ்சுவது 257-உம் 641-உம். அந்த 257-ஐயும் சோதிக்க வேண்டாம். ஏனென்று அடுத்துச் சொல்கிறேன். அதாவது, முதல் கதவிலேயே 641.

இன்னொரு பாதி மிச்சமிருக்கிறது. 6700417 மேலும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588-ஐத் தாண்டி ஒரு துளி. 128-இன் மடங்கோடு 1 கூடி, பகா எண்ணாகவும் இருந்து, 2588-க்குள் வருபவை 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. முறையே மீதி 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். எழுபது லட்சத்தை நெருங்கும் ஒரு எண்ணை ஐந்து வகுத்தலில் பகா எண் என்று நிரூபித்துவிட்டோம். எண் எவ்வளவு பெரிது என்பது அதன் கடினத்தை முடிவு செய்வதில்லை என்று எனக்கு உறைத்த இடம் இது. அதை வகுப்பவை எந்த வடிவத்தில் இருக்கும் என்று தெரிந்தால் போதும், பெரிய எண்ணும் வழிவிடும்.

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுத்தலே இல்லாத ஒரு நிரூபணமும் உண்டு. அதை என் மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். 641 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கி 1 கூட்டியது. அதே 641, 625-ஐயும் 16-ஐயும் கூட்டியதும் ஆகும், அதாவது 5⁴-உம் 2⁴-உம். முதலாவதிலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1. ஆக 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. நாலே வரி. 641 தற்செயலாக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது மனதைப் பிசைகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆய்லரின் கையிலிருந்த சாவி ஃபெர்மாவின் சிறு தேற்றம். பெயரிலேயே இருக்கிறது. அதை ஃபெர்மா பிரெனிக்ளுக்கு எழுதியதும் அதே 1640-இல்தான். எழுதியதோடு நிற்கவில்லை, பயன்படுத்தவும் செய்தார். 2³⁷ − 1 பகா எண்ணா என்ற கேள்விக்கு, அதை வகுப்பவை 74-இன் மடங்கோடு 1 கூடியவையாக இருக்க வேண்டும் என்று கண்டு, 149, 223 என்று போய், இரண்டாவதிலேயே 223 வகுக்கிறது என்று பிடித்துவிட்டார். பன்னிரண்டு இலக்க எண் அது. அதை உடைத்தவருக்கு இந்தப் பத்து இலக்க எண் ஏன் உடையவில்லை?

அவர் சோதித்தாரா, சோதித்து ஒரு கூட்டலில் வழுக்கினாரா, அழகான வரிசையின் மேல் இருந்த நம்பிக்கையில் சோதிக்காமலே விட்டாரா என்று தீர்மானமாகச் சொல்ல அவருடைய கணக்குத் தாள் எதுவும் இல்லை. என் மனம் மூன்றாவதன் பக்கம் சாய்கிறது. ஐந்து முறை சரியாக வந்த ஒன்றை ஆறாவது முறை சந்தேகிப்பது எவ்வளவு கடினம் என்று விடுதி அறையில் நானே பார்த்தவன்.

இந்த எண்ணும் சும்மா இருக்கவில்லை, நன்றாக வேடம் போடுகிறது. ஒரு எண் பகா எண்தானா என்று சோதிக்க ஃபெர்மாவின் தேற்றத்தையே திருப்பிப் பயன்படுத்தலாம். 2-ஐ, அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி வகுத்துப் பார்ப்பது. மீதி 1 வராவிட்டால் அது நிச்சயம் பகா எண் அல்ல. 4294967297-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் மீதி 1-தான் வரும்! சுற்றின் நீளம் 64, அடுக்கோ 4294967296, அது 64-ஆல் வகுபடும், பிறகென்ன? பகா எண்ணாக இல்லாமலே பகா எண்ணின் சோதனையில் தேறிவிடும் இத்தகைய எண்களைப் போலிப் பகா எண்கள் என்கிறோம். 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் வேடம் கலைந்துவிடும்.

வேடத்தைக் கலைக்க இன்னொரு வழியும் உண்டு, அதுவும் ஃபெர்மாவின் வழிதான். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒரே ஒரு விதத்தில் மட்டும். 1640 கிறிஸ்துமஸ் அன்று மெர்சென் என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மா சொன்ன தேற்றம் இது. நம் எண்ணுக்கு ஒரு விதம் கண்ணெதிரிலேயே இருக்கிறது: 65536²-உம் 1²-உம். ஆனால் 62264²-ஐயும் 20449²-ஐயும் கூட்டிப் பாருங்கள். 3876805696-உம் 418161601-உம் சேர்ந்து மறுபடி 4294967297! இரண்டு விதம் வந்துவிட்டால் அது பகா எண்ணாக இருக்க முடியாது.

இந்த இரண்டு விதங்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் நம் ஊர் ஆள் ஒருவர் நிற்கிறார். 628-இல் பிரம்மகுப்தர் தந்த ஒரு விதி: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரு எண்களைப் பெருக்கினால், பெருக்குத்தொகையையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக. (அவர் சொன்னது இதைவிடப் பொதுவானது, இது அதன் ஒரு துண்டு.) 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². 25-ஐயும் 2556-ஐயும் பெருக்கினால் 63900. 4-ஐயும் 409-ஐயும் பெருக்கினால் 1636. கூட்டினால் 65536. கழித்தால் 62264. இனி குறுக்கே பெருக்குங்கள்: 25×409 = 10225, 4×2556 = 10224. கழித்தால் 1. கூட்டினால் 20449. நான்கு எண்களும் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் உரசிக்கொண்டு நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

1812-இல் லண்டனில், அமெரிக்காவின் வெர்மாண்டைச் சேர்ந்த சேரா கோல்பர்ன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் இந்த எண்ணைக் கொடுத்தார்கள். தாளைத் தொடாமல் 641 என்று சொன்னானாம். ஆய்லரின் கட்டுரை அவன் அறியாதது. இதை மட்டும் என்னால் விளக்க முடிவதில்லை, வியக்க மட்டும் முடிகிறது.

சரி, 257-ஐச் சோதிக்க வேண்டாம் என்றேனே. 3-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் 15, அது 17-க்கு இரண்டு குறைவு. அதை 17-ஆல் பெருக்கினால் 255, 257-க்கு இரண்டு குறைவு. 257-ஆல் பெருக்கினால் 65535. அதை 65537-ஆல் பெருக்கினால் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆக முன்னே வந்த ஐந்தும் 4294967295-ஐ வகுக்கின்றன, எனவே அவற்றில் எதுவும் இரண்டு தள்ளி நிற்கும் 4294967297-ஐ வகுக்க முடியாது. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தின் சாரம் இது.

ஒரு படி மேலே போய், நம் எண்ணாலும் பெருக்குங்கள். 18446744073709551615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று கேட்ட கதையின் மொத்தக் கணக்கு இதுதான். சின்ன வயதில் பாட்டி சொன்ன அந்தத் தானியக் குவியலை 641 சமபங்காகப் பிரித்தால் ஒரு மணிகூட மிஞ்சாது.

4294967295-க்கும் ஒரு தனிப் பெருமை உண்டு. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, காஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: அளவில்லாத அடிக்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்தக் கணக்கில் நிகழ்ந்த முதல் முன்னேற்றம். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (3, 5, 17 என்று போகும் நம் வரிசையில் உள்ள பகா எண்களின்) பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே வரைய முடியும். 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்தாண்டுகள் செலவிட்டார், அவருடைய கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஐந்து பகா எண்களையும் சேர்த்துப் பெருக்கிய 4294967295 பக்கங்கள்தான், இப்படி வரையலாம் என்று இதுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது.

ஆறாவது ஃபெர்மா பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த எண்ணான 2⁶⁴ + 1-ஐ 1880-இல் லாந்ரி என்பவர் தன் 82-ஆவது வயதில் உடைத்தார், 274177 × 67280421310721 என்று. அதற்கடுத்தது 1970 வரை காத்திருந்தது, அதுவும் கணினி வந்த பிறகு. நம் எண்ணிலிருந்து தொடங்கி வரிசையாக 28 எண்கள் பகா எண்கள் அல்ல என்று தெரிந்துவிட்டது. இருபத்தொன்பதாவதான 2-இன் 8589934592-ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண்ணைப் பற்றி இன்னும் எந்தப் பக்கமும் தீர்ப்பு இல்லை. அதை எழுதவே 258 கோடி இலக்கங்களுக்கு மேல் வேண்டும்.

இனி பாஸ்கல். ஃபெர்மா அவருக்கு அந்தக் கடிதம் எழுதிய அதே 1654-இல்தான் பாஸ்கல் தன் எண் முக்கோணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். உச்சியில் 1, இரு ஓரமும் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேலே உள்ள இரண்டின் கூட்டல். நம் நாட்டில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே யாப்புக் கணக்குக்காக மேருப் பிரஸ்தாரம் என்று வரைந்திருக்கிறார்கள். அக்கா மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொண்டோம். எண்களை எழுதாமல், ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0 என்று மட்டும் நிரப்பச் சொன்னேன். மேலே உள்ள இரண்டும் ஒன்றுபோல இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. எளிய வேலை.

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்துக்கொண்டே வந்தோம். உச்சிக்கு அடுத்த வரி 11, அது 3. அடுத்தது 101, அது 5. பிறகு 15, 17, 51, 85, 255, 257. வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் ஒன்றுகூட விடாமல், ஏறுவரிசையில், வந்துகொண்டே இருக்கின்றன. முப்பத்தொன்றாவது வரி முழுக்க 1. அது 4294967295. மொத்தம் 31 பலகோணங்கள், 31 வரிகள்.

"அடுத்த வரியும் வருமா மாமா?" என்றாள். நீயே போட்டுப் பார் என்றேன்.

மேலே எல்லாமே 1, ஆகவே உள்ளே எல்லாம் 0. இடது ஓரத்தில் ஒரு 1. அப்புறம் முப்பத்தொரு பூஜ்யங்கள். வலது ஓரத்தில் ஒரு 1. அந்த வரியின் பெயர் 4294967297. பலகோண வரிசை சரியாக அங்கே உடைகிறது, 641-ஆல்.

அவள் பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த ஆய்வகம் நினைவுக்கு வந்தது. இந்த வரியில் இருப்பது 33 இலக்கங்கள். அந்தக் கணினி 32-ஐத்தான் வைத்துக்கொள்ளும். இடது ஓரத்து 1 வெளியே விழுந்துவிட்டது. 2004-இல் என் திரையில் தனியாக நின்றது, இந்த வலது ஓரத்து 1.